காலணியும் பூத்தையலும்

"செருப்புக்குத் தகுந்தபடி காலைத் தறிப்பார் உண்டோ?" என்பது நம் பெரியோர் வழங்கும் பழமொழிகளுள் ஒன்று. இதனைக் கேட்பவர், 'அத்தகைய மூடர் உலகில் ஒருவரும் இரார்' என நகைத்துவிட்டுச் செல்வர். யானும் அங்ஙனம் நகைத்ததுண்டு. ஆயினும், சென்ற கோடை விடுமுறையில், அழகு செய்யவேண்டும் என்னும் ஆசை ஒன்றினால், என் தந்தையார் காலுக்கு ஏறக்குறைய அத்தகைய தீங்கையே யான் இழைத்துவிட்டேன். அச்செய்தியைப் பின்னர்க் கூறுவேன். வீட்டில் வைத்துக்கொள்ளும் பூத்தையற்பொறியைக் கொண்டு காலணிகளுக்குப் பூவேலை செய்யும் முறையையும், அதன்கண் உள்ள இடர்களையும், அவை நேர்வதற்குரிய காரணங்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலணியை அழகு செய்யும் வழக்கம் புதியதன்று. குஜராத் மாநிலத்துக் கச்சுப் பகுதியில் மோச்சி என்னும் பெயருடைய தொழிலாளர் வாழ்ந்து வருகின்றனர். தோல் தைத்தலே அவர்தம் பரம்பரைத் தொழில். அவர்கள் கையாண்ட, நுனியிற் கொக்கியுடைய ஊசிக்கு 'ஆரி' என்பது பெயர். அவ்வூசியினாலேயே அவர்கள் தோலின்மீது சங்கிலித் தையலாற் பூக்களையும் கொடிகளையும் இயற்றினர். பின்னர் அதே ஊசியைப் பட்டுத் துணியின்மீதும் செலுத்தி, அரசவையினர் உவக்கும் ஆடைகளைச் செய்தளித்தனர். இன்று நம் ஊர்களில் மணமகளின் இரவிக்கைக்கு 'ஆரி வேலை' செய்விக்கும் தாய்மாருள் எத்துணைப்பேர், அவ்வூசி செருப்புத் தைப்பவர் கையிற் பழகிய ஊசி என்பதை அறிவர்?

மேனாட்டிலும் இவ்வழக்கம் இருந்தது. இங்கிலாந்தில் விக்டோரியா அரசியார் ஆண்ட காலத்தில் (1837-1901), பெண்டிர் தம் தந்தையர்க்கும் கணவர்க்கும் உடன்பிறந்தார்க்கும், வீட்டினுள் அணியும் மெத்தென்ற காலணிகளுக்குக் கம்பளி நூலாற் பூவேலை செய்து பரிசளித்தனர். ஈண்டு ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. அவர்கள் செய்து முடிந்த காலணியின்மீது தைத்தாரல்லர். காலணிக்கு மேற்பகுதியாக அமையவேண்டிய துணியைத் தட்டையாக விரித்து, அதிற் பூவைத் தைத்து முடித்தனர். அதன் பின்னரே அத்துணியைக் காலணி செய்பவரிடம் கொடுத்து, உள்துணியும் அடிப்பகுதியும் சேர்ப்பித்தனர். முதலிற் பூ, பிறகு காலணி என்பதே அவர்கள் கொண்ட முறை. இம்முறையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

இனி, பூத்தையற்பொறியைப் பற்றிச் சிறிது கூறுவாம். பூத்தையலைக் கையினின்றும் பொறிக்கு மாற்ற முயன்றவருள் முதன்மையானவர், மூலூஸ் நகரத்தவராகிய ஜோசுவா ஐல்மான் என்பவர். பல ஊசிகள் ஒருங்கே தைக்கும் பொறியொன்றை அவர் 1828-ஆம் ஆண்டளவில் அமைத்தார். 1863-இல் சுவிட்சர்லாந்து நாட்டு ஈசாக் குரோப்ளி என்பார், தறியில் ஓடும் நாடாவைப் போன்ற ஒரு சிறு கருவியால் அடிநூலைச் செலுத்தும் பொறியைக் கண்டார். அக்கருவி படகின் வடிவாயிருந்தமையின், 'சிறு படகு' எனப் பொருள்படும் 'ஷிப்ளி' என்னும் சொல்லே அப்பொறிக்குப் பெயராயிற்று. இவையெல்லாம் தொழிற்சாலைக்குரியவை. கணிப்பொறியின் துணைகொண்டு, வீட்டு மேசைமீது வைத்துப் பூத்தைக்கத்தக்க பொறிகள் மிகப் பிற்காலத்தன. ஜப்பான் நாட்டு ஜனோமே நிறுவனத்தார் 1990-இல் வெளியிட்ட 'மெமரி கிராப்ட் 8000' என்பது அவற்றுள் முன்னோடியானது.

இப்பொறி தொழிற்படும் விதம் வருமாறு. துணியை வளையம் எனப்படும் சட்டத்தில் இறுகப் பூட்டிப் பொறியிற் பொருத்துவர். ஊசி தான் நின்ற இடத்திலேயே மேலுங்கீழுமாகச் சென்றுகொண்டிருக்கும். வளையமோ, பொறியினுள் பதிந்துள்ள படத்தின் குறிப்புப்படி முன்னும் பின்னும், இடமும் வலமும் நகரும். ஓவியன் ஒருவன் தூரிகையை ஓரிடத்திற் பிடித்துக்கொண்டு, தாளை மட்டும் நகர்த்திப் படம் எழுதினால் எவ்வாறிருக்குமோ, அவ்வாறே இதுவும் என்க. ஊசி கொண்டுசெல்லும் மேல்நூலைக் கீழேயுள்ள கொக்கி பற்றி, பாபினிலுள்ள அடிநூலைச் சுற்றி வரச் செய்யும். இவ்வாறு இரு நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதால் தையல் உண்டாகிறது. இரண்டு அங்குல அகலமுள்ள ஒரு பூவிற்கும் இத்தகைய தையல்கள் சில ஆயிரம் வேண்டும்.

இதனாற் பெறப்படுவது யாது? பூத்தையலுக்கு இரண்டு முகங்கள் உண்டு. மேல்முகத்தில் பூவும் இலையும் பொலியும். அடிமுகத்திலோ அடிநூலும், ஒரு நிறம் முடிந்து மறுநிறம் தொடங்குமிடத்து விழும் முடிச்சுக்களும், வெட்டிய நூலின் நுனிகளும் தங்கும். துணி சுருங்காதபடி அடியில் வைக்கும் தாங்குதாளின் ஓரமும் ஆங்கே நிற்கும். மேசை விரிப்பிலோ சுவரிலே தொங்கவிடும் சித்திரத்திலோ இவ்வடிமுகத்தாற் கேடொன்றும் இல்லை. சட்டையில் அது சிறிது உறுத்தும். காலணியிலோ, உடம்பின் பாரம் முழுவதையும் தாங்கி நடக்கும் காலின்மீது, அடிதோறும் அது உரசும்.

இனி, காலணி எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதை நோக்குவோம். நம் தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் தோல் தொழிலுக்கும் காலணித் தொழிலுக்கும் பெயர்பெற்றவை. அத்தொழிற்கூடங்களில் முதலிலே தோலும் துணியும் பல துண்டுகளாக வெட்டப்படும். அத்துண்டுகளையும் உள்துணியையும் ஒன்றாகத் தைத்து, 'அப்பர்' என அவர்கள் வழங்கும் மேற்பகுதியை ஆக்குவர். பின்னர் அம்மேற்பகுதியை, கால்வடிவினதாகிய அச்சின்மீது இழுத்துப் போர்த்தி, ஓரங்களை அடியில் மடித்து ஒட்டுவர். அதன்மேல் அடிப்பகுதி சேர்க்கப்படும்.

அச்சின்மீது இழுத்துப் போர்த்தும் இவ்வேலை மிகக் கடினமானது. நெடுங்காலம் இது தேர்ந்த கைவினைஞராலன்றி இயலாதென்றே கருதப்பட்டது. தென்னமெரிக்காவின் சூரினாம் நாட்டில் 1852-இற் பிறந்து, அமெரிக்காவின் லின் நகரத்துக் காலணித் தொழிற்சாலையிற் பணிபுரிந்த யான் மாட்செலிகர் என்பார், இதனைச் செய்யும் பொறியொன்றைக் கண்டு 1883-இல் அதற்கு உரிமை பெற்றார். கைவல்லார் ஒருவர் நாளொன்றுக்கு ஐம்பது ஜோடி முடித்த இடத்து, அப்பொறி சில நூறு ஜோடிகளை முடித்தது. அதனைக் கண்டவரோ 1889-இல், நாற்பது வயதும் நிரம்பாமல் உயிர் நீத்தார்.

அச்சிலேற்றுமுன் மேற்பகுதி தட்டையானது; ஏற்றியபின் அது குழிந்தும் வளைந்தும் ஒரு கூடுபோல் ஆகிவிடும். பூத்தையற்பொறி விரும்புவதோ தட்டையான துணியை. ஆகவேதான் தொழிற்சாலைகளில், பூவேலை வேண்டிய துண்டை முதலில் தைத்துவிட்டுப் பின்னரே உள்துணி சேர்க்கின்றனர். அங்ஙனம் செய்வதால் பொறிக்கும் எளிது. முடிச்சுக்களும் மேல்துணிக்கும் உள்துணிக்கும் இடையே மறைந்துவிடும். கால் அவற்றை அறியாது. விக்டோரியா காலத்துப் பெண்டிர் கொண்ட முறையும் இதுவே. வீட்டில் இருக்கும் நாமோ, கடையில் வாங்கிய, முடிந்துபோன காலணியிலிருந்து தொடங்குகிறோம். முதலிற் செய்யவேண்டியதைக் கடைசியிற் செய்யப் புகுகிறோம். நம் இடர்கள் பெரும்பாலும் இவ்வொன்றிலிருந்தே பிறக்கின்றன.

எனினும், முடிந்த காலணியில் தைத்தல் முற்றிலும் இயலாததன்று. கான்வாஸ் துணியாற் செய்யப்பட்டு, கணுக்காலை மூடும் உயரமுள்ள காலணியே இதற்கு ஏற்றது. நாடாக்களைக் கழற்றி, உள்ளே கிடக்கும் மெத்தையை எடுத்துவிட்டால், கணுக்காலின் இருபுறத்துத் துணியும் ஏறக்குறையத் தட்டையாக விரியும். நாக்குப்போல் நடுவே நிற்கும் பகுதியிலும் தைக்கலாம். விரல்களை மூடும் முன்பகுதியிலும் குதிகாலின் பின்புறத்திலும் விறைப்பான உட்பொருள் வைத்து ஒட்டப்பட்டிருப்பதால், ஆங்கே ஊசி ஒடியும். அடிப்பகுதியைச் சுற்றியுள்ள இரப்பரின் அருகே செல்லுதலும் ஆகாது.

காலணியை வளையத்திற் பூட்ட முடியாது. ஆதலின், பசையுள்ள தாங்குதாளை மட்டும் வளையத்தில் இறுகப் பூட்டி, தைக்கவேண்டிய பகுதியை அத்தாளின்மேல் அழுத்தி ஒட்டவேண்டும். காலணியின் எஞ்சிய பாகம் வளையத்திற்கு வெளியே தொங்கும். பொறியைத் தொடங்குமுன், வளையம் படத்தின் எல்லை முழுவதும் ஒருமுறை சுற்றிவருமாறு செய்து, காலணியின் அடிப்பகுதி பொறியின் உடலில் எவ்விடத்தும் இடியாமை காண்க. கைச்சக்கரத்தைச் சுழற்றி ஊசியை ஒருமுறை மெல்ல இறக்கிப் பார்த்தலும் நன்று. கான்வாஸுக்கு 90/14 எண்ணுள்ள கூரிய ஊசி தகும். ரேயான் நூலினும் பாலியெஸ்டர் நூல் நனைந்தாலும் வலிமை குன்றாதது; ஆதலின் அதுவே காலணிக்குச் சிறந்தது. நிமிடத்திற்கு 600 தையலுக்கு மேலும் ஓடவல்ல பொறியை 400 அளவிற்குக் குறைத்து ஓட்டுதல் வேண்டும். படம் சிறியதாகவும் நெருக்கமின்றியும் இருத்தல் நலம். முழுதும் நூலால் நிரப்பிய உருவைக்காட்டிலும், கோட்டால் ஆகிய கொடியே துணிக்கும் பொறிக்கும் இசைவது.

தோற்காலணியாயின் இன்னும் விழிப்பு வேண்டும். துணியில் ஊசியிட்ட துளை, நூலைப் பிரித்தால் ஓரளவு மூடிக்கொள்ளும். தோலில் விழுந்த துளையோ என்றும் மூடாது. தையல் நெருங்கினால், தபால் தலையின் ஓரத்தைப்போல் அவ்விடம் கிழிந்துபோகும்.

நிற்க. சென்ற கோடை விடுமுறையில் யான் என் அத்தையார் வீட்டிற்குச் சென்றிருந்தேன். தையல் தொழில் செய்யும் அவர்களிடம் ஒரு சிறு பூத்தையற்பொறி உண்டு. மேற்கூறிய முறைகளையெல்லாம் அவர்களிடமே கற்றேன். என் தந்தையார் பத்தாண்டுகளாக நீரிழிவு நோயுடையவர். நாள்தோறும் காலையில் நடக்கவேண்டுமென்றும், வெறுங்காலோடு நடத்தல் கூடாதென்றும் மருத்துவர் கூறியிருந்தார். அவர்களுக்காக ஒரு ஜோடி கான்வாஸ் காலணி வாங்கி, கணுக்காலின் வெளிப்புறங்களில் முல்லைக்கொடி ஒன்று தைத்தேன். ஒரு தையலும் பிசகவில்லை. அத்தையார் வியந்தார்கள். தந்தையாரோ எதிர்ப்படுவோர்க்கெல்லாம் காலைத் தூக்கிக் காட்டி, "என் மகள் செய்தது" என்று மூன்று நாள் பெருமிதத்தோடு நடந்தார்கள்.

நான்காம் நாள் அன்னையார் துவைப்பதற்குக் காலுறையை எடுத்தபோது, அதில் இரத்தக்கறை இருக்கக் கண்டார்கள். கணுக்காலின்கீழே ஒரு காசளவு தோல் உரிந்திருந்தது. "ஏன் சொல்லவில்லை?" என அன்னையார் கேட்க, "வலிக்கவே இல்லையே!" என்று தந்தையார் வியப்போடு விடையளித்தார்கள். அச்சொல்லைக் கேட்டு என் உள்ளம் நடுங்கியது. நீரிழிவு நோய் நெடுநாள் நின்றவிடத்து, காலின் நரம்புகள் உணர்ச்சி குன்றும். இரத்த ஓட்டமும் தளரும். நமக்கு உறுத்தியவுடன் நாம் காலணியைக் கழற்றி விடுகிறோம். அவர்களுக்கு அவ்வெச்சரிக்கை இல்லை. சிறு புண் பெரும் புண்ணாகி, காலையே இழக்க நேர்வதும் உண்டு. மருத்துவர் புண்ணுக்குக் கட்டுப்போட்டு, காலணியை வாங்கி உட்புறத்தைத் தடவிப் பார்த்தார். யாதும் கூறாமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். புண் ஆறுவதற்கு ஆறு வாரங்களாயின.

அக்காலணியை எங்கள் தெருமுனையிற் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் என் முல்லைக்கொடியைப் பார்த்தாரல்லர். கண்ணை மூடிக்கொண்டு, கையைக் காலணியினுள் விட்டு, விரல் நுனியால் மெல்லத் தடவினார். "இதோ இருக்கிறது, பாப்பா" என்று ஓரிடத்தைக் காட்டினார். கடுகளவான முடிச்சு ஒன்று. அதன் பக்கத்தில் தாங்குதாளின் வெட்டிய முனை. "பூ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்துணி போடுவதற்குமுன் செய்யவேண்டிய வேலை இது. நீ எல்லாம் முடிந்தபிறகு செய்திருக்கிறாய்" என்றார். "இப்போது என்ன செய்வது, தாத்தா?" என வினவினேன். "ஐயாவுக்கு இது வேண்டாம். வேறு ஜோடி வாங்கு. பூவைத் தனித்துணியில் தைத்துக் கொண்டுவா. உள்ளே ஊசி போகாமல் வெளியிலேயே ஒட்டித் தருகிறேன்" என்றார்.

மருத்துவரும் பெரியவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவர் கையும் முதலிற் சென்றது காலணியின் உட்புறத்தையே. நீரிழிவுடையார் ஒவ்வொரு முறையும் அணியுமுன் காலணியினுள் கையிட்டுத் தடவிப் பார்த்தல் வேண்டும் என்பது மருத்துவ நூலார் வற்புறுத்தும் விதி என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஆகவே, இத்தொழிலில் ஈடுபட விரும்பும் தோழியர்க்கும் தோழர்க்கும் யான் சொல்லத்தக்கன மூன்று. முதலாவது, இயன்றவிடத்தெல்லாம் பழைய முறையையே கைக்கொள்க. காலணி செய்வாரிடம் முன்னரே சொல்லி, மேற்பகுதிக்குரிய துணியைத் தட்டையாகப் பெற்று, பூவைத் தைத்துக் கொடுத்து, அதன்பின் உள்துணி சேர்ப்பித்தால் அழகும் நலமும் ஒருங்கே கிட்டும். இரண்டாவது, அது இயலாதவிடத்து, தனித்துணியிற் பூவைத் தைத்து, ஓரத்தை ஒட்ட வெட்டி, காலணியின் வெளிப்புறத்தில் ஒட்டுக. உணர்ச்சி குன்றிய காலுடையார்க்கு முடிந்த காலணியைத் துளைத்துத் தைத்தல் ஒருபோதும் ஆகாது. மூன்றாவது, நலமுள்ள காலுக்கே நேரே தைப்பினும், நூல் நுனிகளை ஒட்ட நறுக்கி, தாங்குதாளின் ஓரங்களை வட்டமாக வெட்டி, மெல்லிய மிருதுவான துணியொன்றை அடிமுகத்தின்மேல் ஒட்டி மூடுக. பின்னர்க் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்க. விரலுக்கு உறுத்துவது காலுக்கும் உறுத்தும்.

பூத்தையல் கற்ற நாளில், மேல்முகம் செவ்வையாயிருந்தால் வேலை முடிந்தது என யான் எண்ணியிருந்தேன். விரிப்புக்கும் திரைக்கும் அது பொருந்தலாம். காலணியின் மேல்முகத்தைக் காண்பவர் வழியிற் போவோர். அடிமுகத்தோடு வாழ்பவரோ அதனை அணிந்தவர் ஒருவரே. நாம் பரிசளிப்பது அவருக்கன்றி வழிப்போக்கர்க்கு அன்று.

புதிய காலணியில் இப்போது முல்லைக்கொடி வெளிப்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. முன்னையதைக் காட்டிலும் சற்றுச் சிறியது. ஓரமும் அத்துணை நேர்த்தியாக இல்லை. தந்தையார் காலைதோறும் திண்ணையில் அமர்ந்து, இரண்டு காலணிக்குள்ளும் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறார்கள். பின்னரே கொடியின்மேலுள்ள தூசியைத் தட்டிவிட்டு, அணிந்துகொண்டு நடக்கச் செல்கிறார்கள்.